மாசு, கலப்படம், தீட்டு: ஏலக்காய் ஊரில் மூன்று சொற்கள்

போடிநாயக்கனூரில் ஏலக்காயைத் தரம் பிரிக்கும் கூடங்களில் ‘அசுத்தம்’ என்ற சொல்லுக்கு வேலையில்லை. காம்பு, சருகு, தூசி, சொத்தை, வெடித்த காய் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. இத்தனைக்கும் பொதுவாகத் தமிழில் நிற்கும் பழஞ்சொல் மாசு.

புள்ளி, அழுக்கு, குற்றம் என்ற பொருள்களோடு ‘மேகம்’ என்பதும் மாசுக்கு உண்டு. மை, மா, மால் என்னும் கருமைச் சொற்களின் கிளையாகவே இதைக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதையொத்த ஒலியுள்ள சொற்கள் அழுக்கைக் குறிப்பதால், தென்மொழிகள் பிரிவதற்கு முந்திய சொல்லாகவும் இருக்கலாம். மேகப் பொருள் போடிமெட்டு மலைச்சாலையில் ஏறியவர்களுக்கு உடனே விளங்கும். வளைவுக்கு வளைவு முகில் இறங்கிச் சாலையை மறைக்கும். பயணிக்கு அது மாசு; நிழலும் ஈரமும் தேடும் ஏலச்செடிக்கோ அதுதான் உயிர். எது எங்கே வந்து படிகிறது என்பதைப் பொறுத்தே மாசு மாசாகிறது. வள்ளுவர் இச்சொல்லை ‘அறன் வலியுறுத்தல்’ அதிகாரத்தில் மனத்தின்மேல் ஏற்றினார். சைவ சித்தாந்தம் வடமொழி ‘மல’த்தை எடுத்து, ஆணவம், கன்மம், மாயை என மூன்றாக்கி, செம்பில் ஊறிய களிம்பை உவமை சொன்னது.

கலப்படம் வேறு. ‘கல’ என்னும் வேரில் பிறந்த இச்சொல்லில் செய்பவன் ஒருவன் ஒளிந்திருக்கிறான். தூசி தானாக வந்து ஒட்டுகிறது. வெளிறிய காய்க்குப் பச்சைச் சாயம் தானாக ஏறுவதில்லை. நம் உணவுப் பாதுகாப்பு விதிகளும் இந்த வேறுபாட்டை அறிந்தவை. முழு ஏலக்காயில் காம்பு, சருகு போன்ற அயற்பொருள் எடையில் 1 விழுக்காடு வரை பொறுக்கப்படும். செயற்கைச் சாயம் துளியும் கூடாது.

தீட்டுதான் என்னை நெடுநாள் உறுத்தும் சொல். ‘தீண்டு’ என்ற வினையே மெல்லெழுத்து வலித்துத் தீட்டாயிற்று. தொடுவதே அழுக்கு என்கிறது இச்சொல். பொருளை விட்டுவிட்டு மனிதரைப் பிடித்துக்கொண்ட சொல் இது. தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. வீட்டுக்குள் மாதவிடாய்க்குத் தீட்டு என்ற பெயர் இன்றும் தங்கியிருக்கிறது.

தொட்டால் அழுக்காகுமா என்று ஏலக்காயை வைத்து எண்ணிப் பாருங்கள். மலைச்சரிவில் செடியின் அடியில் குனிந்து, பதமான காயை மட்டும் சரத்திலிருந்து விரலால் கிள்ளி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் விடியும் முன்பே ஜீப்பில் ஏறி மலைக்குப் போகிறவர்கள் அவர்கள். உலர்ந்த காய் கீழே வந்தபின் பரப்பி வைத்துச் சொத்தையை ஒதுக்குவதும் பெண்களின் விரல்களே. தொடத் தொடத்தான் காய் சுத்தமாகிறது. மாதத்தின் எல்லா நாளும் அந்த விரல்கள் வேலை செய்கின்றன. அந்தக் காய்தான் திருவிழாப் பொங்கலிலும் பாயசத்திலும் மணக்கிறது.

இதை வாசிக்கும் குடும்பங்களிடம் ஒன்று வேண்டுகிறேன்: மாதவிடாயைத் ‘தீட்டு’ என்று இனி உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் காதில் விழும்படி சொல்லாதீர்கள்.