கடல் கிடைச்சது, கப்பல் கிடைக்கல

முதல் உலகப்போருக்கு அப்புறம் போலந்துக்குக் கிடைச்ச கடற்கரை சுமார் 140 கிலோமீட்டர்தான். ஆனா கடற்படை அதிகாரிகள் போட்ட லிஸ்ட்ல பெரிய போர்க்கப்பல், க்ரூசர் எல்லாம் இருந்தது. காசு? ஒரு பக்கம் ஜெர்மனி, இன்னொரு பக்கம் சோவியத். அதனால பணம் முதல்ல தரைப்படைக்குத்தான் போச்சு. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

'ஓஷெவ்' நீர்மூழ்கிக்கு மக்களே நன்கொடை கொடுத்தாங்க, கட்டினது ஹாலந்துல. 'க்ரோம்', 'ப்விஸ்கவீட்சா'ன்னு ரெண்டு டெஸ்ட்ராயர் இங்கிலாந்துல இருந்து வந்துச்சு. அதே டிசைன்ல இன்னும் ரெண்டை சொந்த ஊர் க்டினியாவிலேயே கட்ட ஆரம்பிச்சாங்க. முடிக்கிறதுக்குள்ள போர் வந்துருச்சு.

1939 ஆகஸ்ட் 30. ஹிட்லர் தாக்க ரெண்டு நாள் முன்னாடி, இருந்த நாலு டெஸ்ட்ராயர்ல மூணை பிரிட்டனுக்கு அனுப்பிட்டாங்க. நின்னுபோன 'விஹெர்' செப்டம்பர் 3 குண்டுவீச்சுல மூழ்கிடுச்சு. தப்பிச்ச ப்விஸ்கவீட்சா இப்போ க்டினியாவில மியூசியம்.