மூவெட் தேர்வும் பணியிட ஆங்கிலமும்



பொந்தியான் பிள்ளைகளும் பல்கலைக்கழகம் புகுவதற்காக எழுதும் மூவெட் ஆங்கிலத் தேர்வு 1999இல் அறிமுகமானது. 2008ஆம் ஆண்டுத் திட்டத்தில் மொத்தப் புள்ளிகள் 300. வாசிப்புக்கு 120, எழுத்துக்கு 90, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 45. நான்காம் நிலைக்கு அப்போது 180 போதுமாக இருந்தது. ஆகவே, பேச்சில் தடுமாறுபவரும் வாசிப்பு, எழுத்து வலிமையால் அந்நிலையை எட்ட இயன்றது. நூல் பயில அது உதவியது. ஆயின் நேர்முகத் தேர்விலும் வாடிக்கையாளர் முன்னிலையிலும் பட்டதாரிக்கு முதலில் வேண்டுவன கேட்டலும் பேச்சுமே. 2021இல் நான்கு திறன்களுக்கும் தலா 90 புள்ளிகள் வழங்கப்பட்டன. இம்மாற்றத்தை நான் வரவேற்கிறேன். முடிவுத்தாளில் மொத்த நிலையோடு நில்லாது, பேச்சுக்கும் கேட்டலுக்கும் பிள்ளை பெற்ற புள்ளிகளைத் தனியே நோக்க வேண்டுகிறேன்.