சோராபெனிப் கட்டாய உரிம வழக்கு

சோராபெனிப் கட்டாய உரிம வழக்கு என்பது, முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் ஒரு மாத்திரையின் விலை தொடர்பாக 2011 முதல் 2014 வரை இந்தியாவில் நடைபெற்ற வழக்காகும். ஜெர்மனியைச் சேர்ந்த பேயர் நிறுவனமும் ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ பார்மா நிறுவனமும் இதில் எதிரெதிர்த் தரப்பினர். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 84ஆம் பிரிவின் கீழ் வழங்கப்பட்ட முதல் கட்டாய உரிமம் இந்த வழக்கிலேயே பிறந்தது. மாதம் 2,80,428 ரூபாய் விலையுள்ள மருந்து 8,880 ரூபாய்க்கு மேல் விற்கப்படக்கூடாது என்ற நிலை இதனால் ஏற்பட்டது. மேல்முறையீட்டின் முக்கியக் கட்டம் சென்னையில் இருந்த தீர்ப்பாயத்தில் நடந்தது.

நோயும் அதன் மருத்துவமும்

பெரியவர்களுக்கு வரும் சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பகுதி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களில் தோன்றுவது. 1883இல் ஜெர்மானிய மருத்துவர் பால் கிராவிட்சு இக்கட்டிகளை ஆராய்ந்து, இவை அட்ரீனல் சுரப்பியின் திசுக்களிலிருந்து வருபவை என்று கருதினார். அக்கருத்து தவறு என்பது பிற்காலத்தில் தெளிவானது. ஆயினும் அவர் பெயரால் 'கிராவிட்சு கட்டி' என்று அழைக்கும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

சிறுநீரில் இரத்தம், விலாப்பக்கத்தில் வலி, வயிற்றின் பக்கவாட்டில் தட்டுப்படும் கட்டி ஆகிய மூன்றும் இதன் மரபான அறிகுறிகள். மூன்றும் ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். இன்று வேறு காரணத்திற்காக வயிற்றை ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகக் கண்டறியப்படும் கட்டிகளே மிகுதி. புகைபிடித்தல், உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

1869இல் ஹைடல்பர்க் நகரில் குஸ்தாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர், திட்டமிட்டு ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். அந்த நோயாளிக்கு இருந்தது புற்றுநோய் அன்று. சிறுநீர்க்குழாயில் ஏற்பட்ட புரைவழி. ஒரே சிறுநீரகத்துடன் மனிதர் வாழலாம் என்பதை அந்த அறுவை நிறுவியது. சிறுநீரகத்திற்குள் அடங்கிய கட்டிக்கு இன்றும் அறுவையே முதன்மையான மருத்துவம். கட்டி சிறிதாக இருந்தால் சிறுநீரகத்தின் ஒரு பகுதியை மட்டும் அகற்றுவதும் உண்டு.

நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவிய பிறகு நிலைமை வேறு. மற்றப் புற்றுநோய்களுக்குப் பயன்படும் வழக்கமான கீமோ மருந்துகளுக்கு இந்நோய் எளிதில் கட்டுப்படுவதில்லை. 1992இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இன்டர்லூக்கின்-2 ஊசி சிலருக்கு மட்டுமே பயன்பட்டது. அதன் பக்கவிளைவுகளும் கடுமையானவை. இந்த வெற்றிடத்தில்தான் 2005 டிசம்பரில் சோராபெனிப் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கட்டிக்கு இரத்தக்குழாய்கள் வளர்வதைத் தடுப்பது அதன் முதன்மையான செயல்முறை. பேயர் இதை நெக்சாவர் என்ற பெயரில் விற்றது.

இம்மருந்து நோயை முற்றாகக் குணப்படுத்துவதில்லை. 2007இல் வெளியான ஆய்வின்படி, மருந்து பெற்றவர்களுக்கு நோய் மேலும் வளராமல் நின்ற இடைநிலைக் காலம் 5.5 மாதம், மருந்தற்ற போலி மாத்திரை பெற்றவர்களுக்கு 2.8 மாதம். பணம் இல்லை என்றால் அந்தக் காலமும் இல்லை என்பதே வழக்கின் மையம்.

சட்டப் பின்னணி

விடுதலைக்குப் பின்னும் ஆங்கிலேயர் காலத்துக் காப்புரிமைச் சட்டமே இந்தியாவில் நடைமுறையில் இருந்தது. அதைத் திருத்துவது குறித்து ஆராய, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ந. இராஜகோபால அய்யங்கார் 1957இல் அமர்த்தப்பட்டார். அவர் 1959இல் அளித்த அறிக்கை, இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டினரிடம் இருப்பதையும் அவற்றில் மிகப் பல இந்நாட்டில் உற்பத்திக்கு வராததையும் எடுத்துக்காட்டியது. அந்த அறிக்கையின் வழியில் உருவான 1970ஆம் ஆண்டுச் சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தராமல், செய்முறைக்கு மட்டும் தந்தது. ஒரே மருந்தை வேறு செய்முறையில் இந்திய நிறுவனங்கள் மலிவாகச் செய்ய அது வழிவிட்டது.

உலக வணிக அமைப்பின் உடன்பாட்டை ஏற்றதால், 2005 சனவரி 1 முதல் மருந்துப் பொருள்களுக்கும் காப்புரிமை வழங்கப்பட்டது. எனினும் 84ஆம் பிரிவு சட்டத்தில் தொடர்ந்தது. காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டு கழிந்தபின், கீழ்க்காணும் காரணங்களில் ஒன்று இருந்தாலும் வேறொருவர் உரிமம் கோரலாம் என்கிறது அது.

1. மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை.
2. பொருள் நியாயமான, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை.
3. கண்டுபிடிப்பு இந்திய எல்லைக்குள் செயல்படுத்தப்படவில்லை.

வழக்கும் ஆணையும்

சோராபெனிப்புக்கான இந்தியக் காப்புரிமையை பேயர் 2008 மார்ச் 3 அன்று பெற்றது. 2010 டிசம்பரில் நாட்கோ விருப்ப உரிமம் கேட்டது, பேயர் மறுத்தது. மூன்று ஆண்டு நிறைந்தபின், 2011 சூலை 29 அன்று நாட்கோ கட்டாய உரிமத்துக்கு விண்ணப்பித்தது.

இதற்கிடையே சிப்லா நிறுவனமும் இம்மருந்தைக் குறைந்த விலையில் விற்றுக்கொண்டிருந்தது. சிப்லாவின் மருந்தும் சந்தையில் கிடைப்பதால் மக்களின் தேவை நிறைவேறுகிறது என்று பேயர் வாதிட்டது. அதே சிப்லா காப்புரிமையை மீறுவதாக தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்ததும் பேயரே. தான் நிறுத்தச் சொல்லும் விற்பனையைத் தன் கணக்கில் காட்ட முடியாது என்று அந்த வாதம் தள்ளப்பட்டது. ஆராய்ச்சிக்குப் பெருஞ்செலவு ஆகிறது என்பதும், தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு உதவித் திட்டம் உள்ளது என்பதும் பேயரின் பிற வாதங்கள்.

2012 மார்ச் 9 அன்று காப்புரிமைத் தலைமைக் கட்டுப்பாட்டாளர் பி. எச். குரியன் ஆணை பிறப்பித்தார். தேவைப்படும் நோயாளிகளில் சுமார் 2 விழுக்காட்டினருக்கே மருந்து கிடைத்தது என்று அவர் கண்டார். மூன்று காரணங்களும் நிறுவப்பட்டதாக ஏற்று விதித்த நிபந்தனைகளில் முக்கியமானவை:

1. ஒரு மாதத்துக்கான 120 மாத்திரைகளின் விலை 8,880 ரூபாயைத் தாண்டக்கூடாது.
2. நிகர விற்பனையில் 6 விழுக்காட்டை பேயருக்கு உரிமத்தொகையாகத் தரவேண்டும்.
3. ஆண்டுக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தரவேண்டும்.
4. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்களுக்கு மட்டுமே விற்கவேண்டும்.

ஒரு நாளைக்கு நான்கு மாத்திரை என்ற கணக்கில் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பேயரின் விலையில் ஒரு நாள் செலவு ஏறத்தாழ 9,348 ரூபாய். ஆணைக்குப் பின் அது 296 ரூபாய்.

மேல்முறையீடுகள்

பேயர், சென்னையில் தலைமையகம் கொண்டிருந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தை அணுகியது. சென்னை உயர் நீதிமன்ற மேனாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் அப்போது அதன் தலைவர். இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. 2013 மார்ச் 4 அன்று வாரியம் உரிமத்தை உறுதி செய்து, உரிமத்தொகையை 6இலிருந்து 7 விழுக்காடாக உயர்த்தியது. உள்நாட்டில் உற்பத்தி செய்தால்தான் 'செயல்படுத்தியதாக' ஆகும் என்ற கட்டுப்பாட்டாளரின் கருத்தை மட்டும் வாரியம் அப்படியே ஏற்கவில்லை; சில சூழல்களில் இறக்குமதியும் போதுமானதாகலாம் என்றது. மும்பை உயர் நீதிமன்றம் 2014 சூலை 15 அன்று பேயரின் மனுவைத் தள்ளியது. 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்ததால் வழக்கு முடிவுக்கு வந்தது.

ஊத்துக்குளி வட்டாரத்தில் இதன் பொருள்

ஊத்துக்குளி, திருப்பூர் மாவட்டத்தில் ஈரோடு – கோவை இருப்புப்பாதையில் அமைந்த ஊர். வெண்ணெய்க்குப் பெயர் பெற்றது. சுற்றுவட்டார மக்களில் பலர் வேளாண்மை, கறவை மாடு ஆகியவற்றோடு திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலையும் நம்பி வாழ்கின்றனர். வாரக் கூலியும் பீஸ் ரேட்டும் வழக்கமான இத்தொழிலில், வேலைக்குப் போகாத நாளுக்கு வருமானம் இல்லை. நாளொன்றுக்கு 9,348 ரூபாய் என்பது இங்கே எண்ணிப் பார்க்கவும் இயலாத தொகை. 296 ரூபாய் என்பது கடினம். ஆனால் குடும்பம் கூடிப் பேசி முடிவெடுக்கக்கூடிய தொகை. அந்த வேறுபாட்டையே வழக்கு உண்டாக்கியது.

மருந்து கிடைத்தபின்னும் தொழிலாளிக்கு வேறு சிக்கல் உண்டு. சோராபெனிப்பின் பரவலான பக்கவிளைவு, உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தடித்து, எரிவதாகும். அழுத்தமும் உராய்வும் படும் இடத்தில் இது கூடுதலாக வரும். கையால் துணியைத் தள்ளிக் காலால் மிதிக்கும் டெய்லருக்கு அது வேலையையே நிறுத்திவிடக்கூடியது. மருத்துவரிடம் தொடக்கத்திலேயே சொன்னால் அளவைக் குறைத்தோ, சில நாள் இடைவெளி விட்டோ மருந்தைத் தொடர வழியுண்டு. சொல்லாமல் தாமாக நிறுத்திவிடுவதே பெரும் இழப்பு. இரத்த அழுத்தம் உயர்வதும் வயிற்றுப்போக்கும் சோர்வும் மற்றப் பக்கவிளைவுகள். ஒரு சிறுநீரகம் அகற்றப்பட்டவர், வலி மாத்திரைகளைக் கடையில் தாமே வாங்கி உண்பதைத் தவிர்க்கவேண்டும். அவற்றில் பல, எஞ்சிய சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. அறுவைக்குப் பின் பல ஆண்டு கழித்தும் நோய் திரும்பலாம் என்பதால், குறித்த காலத்தில் ஸ்கேன் எடுப்பதும் இன்றியமையாதது.

சாயத் தொழில் நடக்கும் வட்டாரம் என்பதால், புற்றுநோய் என்றதும் சாயத்தை நினைப்பது இங்கு இயல்பு. 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டதும் பலர் நினைவில் உள்ளவை. இதில் ஒரு வேறுபாடு அறியத்தக்கது. சாயத் தொழிலோடு நெடுங்காலமாகத் தொடர்புபடுத்தப்படுவது சிறுநீர்ப்பைப் புற்றுநோய். 1895இல் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற மருத்துவர் சாய ஆலைத் தொழிலாளரிடம் அதைக் கண்டு எழுதினார். பென்சிடின் போன்ற வேதிப்பொருள்கள் அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. சிறுநீரகப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் உறுதி செய்த தொழில்சார் வேதிப்பொருள் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான். கொழுப்பையும் கறையையும் நீக்கப் பயன்படுவது. சிறுநீரில் இரத்தம் கண்டவர் தாம் எந்த வேலையில், எந்தப் பொருளைக் கையாண்டார் என்பதை மருத்துவரிடம் கூறுவது இரண்டு நோய்களிலும் பயனுடையது.

தமிழ்நாட்டில் 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களின் அறுவைச் செலவைக் குறைத்தன. பதிவு பெற்ற ஆலைத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. 2022 சனவரியில் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெருமருத்துவத்துக்குக் கோவைக்குச் செல்வது நீண்டகால வழக்கம்.

பிற்கால நிலை

இதன் பின்னர் வேறு மருந்துகளுக்குக் கோரப்பட்ட கட்டாய உரிமங்கள் கிடைக்கவில்லை. இரத்தப் புற்றுநோய்க்கான டாசாடினிப் மருந்துக்கு பி.டி.ஆர். நிறுவனம் அளித்த விண்ணப்பம் 2013இலும், நீரிழிவுக்கான சாக்சாகிளிப்டின் மருந்துக்கு லீ பார்மா அளித்த விண்ணப்பம் 2016இலும் நிராகரிக்கப்பட்டன. சென்னை வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. சோராபெனிப்பின் மூலக் காப்புரிமைக் காலம் 2020இல் முடிந்தது.

சிறுநீரகப் புற்றுநோய் மருத்துவமும் மாறிவிட்டது. 2015இல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற நிவோலுமாப் முதலிய நோய் எதிர்ப்பாற்றல் மருந்துகள், பரவிய நோயிலும் சிலருக்குப் பல ஆண்டு வாழ்வு தருகின்றன. சோராபெனிப் இன்று முதல் தேர்வு அன்று. புதிய மருந்துகளின் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதால், 2011இல் எழுந்த கேள்வி வேறு மருந்துகளின் பெயரில் மீண்டும் எழுந்துள்ளது. 84ஆம் பிரிவு சட்டத்தில் இன்றும் உள்ளது.