பூரமும் வீரமும்: ஒரு விகுதி மறைத்த பிணைப்பு

சித்த மருத்துவச் சரக்குகளுள் பூரம், வீரம் என்ற இரண்டு உண்டு. இரண்டும் பாதரசமும் குளோரினும் சேர்ந்து உண்டான வெண்ணிற உப்புகள். பூரம் நீரில் ஏறக்குறையக் கரையாது. ஐரோப்பிய மருத்துவர்கள் அதனைக் கலோமல் என்று அழைத்து, நெடுங்காலம் பேதி மருந்தாகக் கொடுத்துவந்தனர். வீரமோ நீரில் கரையும். சிறிதளவு உட்சென்றாலும் உயிரைப் போக்கும். இரண்டும் ஒரே தனிமங்களால் ஆனவை என்பதை இப்பெயர்கள் சொல்வதில்லை. அன்னபேதி, துருசு, நவச்சாரம் என்பனவும் இத்தகையனவே. பொருளைக் கண்டறிந்தவருக்கு இப்பெயர்கள் போதும். பொருளின் உறுப்புகளை அறிய விரும்புபவருக்கு அவை வாய் திறப்பதில்லை.

ஐரோப்பாவிலும் நிலைமை வேறாக இருக்கவில்லை. அதனை மாற்றியது 1787இல் பாரிசில் வெளிவந்த ஒரு நூல். கித்தோன் தெ மோர்வோ, லவாசியே, பெர்த்தொலே, ஃபூர்குருவா ஆகிய நால்வர் சேர்ந்து வகுத்த வேதியியல் பெயரிடுமுறை அது. ஒரு சேர்மத்தின் பெயரே அதன் உறுப்புகளைச் சொல்லவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. ஆக்சிசன் மிகுந்த அமிலத்தின் உப்புக்கு ஒரு விகுதி, குறைந்ததன் உப்புக்கு வேறொரு விகுதி என்று பகுத்தனர். சல்பேட்டு, சல்பைட்டு, நைட்ரேட்டு, நைட்ரைட்டு என இன்றைய பள்ளி மாணவர் மனப்பாடம் செய்யும் இணைகள் அங்கிருந்து வந்தவை. 1811இல் சுவீடன் நாட்டு பெர்சீலியசு இதே உத்தியை உலோகங்களுக்கும் நீட்டினார். ஃபெர்ரஸ், ஃபெர்ரிக், குப்ரஸ், குப்ரிக், மெர்க்குரஸ், மெர்க்குரிக் என்பன அவ்வழி வந்தவை. பூரம் மெர்க்குரஸ் குளோரைடு ஆயிற்று. வீரம் மெர்க்குரிக் குளோரைடு ஆயிற்று. மருந்துக்கும் கொடுநஞ்சுக்கும் இடையிலான வேறுபாடு சொல்லின் ஈற்றசையில் வந்து நின்றது.

இவ்விகுதிகளின் இயல்பு கருதத்தக்கது. அவை எண்ணைக் குறிப்பவை அல்ல, ஒப்பீட்டைக் குறிப்பவை. ஃபெர்ரஸ் என்பதில் இரும்பின் மதிப்பு இரண்டு, ஃபெர்ரிக் என்பதில் மூன்று. குப்ரஸ் என்பதில் செம்பின் மதிப்பு ஒன்று, குப்ரிக் என்பதில் இரண்டு. ஒரே விகுதி ஓரிடத்தில் இரண்டையும் வேறோரிடத்தில் ஒன்றையும் சுட்டுகிறது. 'இவ்வுலோகத்தின் இரு நிலைகளுள் இது தாழ்ந்தது' என்பதற்கு மேல் அது எதுவும் கூறுவதில்லை. இக்குறையைப் போக்க 1919இல் செருமானிய வேதியியலார் ஆல்பிரெடு ஸ்டாக் உலோகப் பெயரை அடுத்து எண்ணை இடும் முறையை முன்மொழிந்தார். மெர்க்குரஸ் என்பது 'மெர்க்குரி ஒன்று' ஆயிற்று. எண் கிடைத்தது, ஆனால் எண்ணுக்குரிய உருவம் கிடைக்கவில்லை.

அவ்வுருவத்தைப் பற்றிய கேள்வியோடு நெருங்கிய தொடர்புடைய ஒரு சேர்மம் கல்கத்தாவில் பிறந்தது. எடின்பரோவில் 1887இல் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பிய பிரபுல்ல சந்திர ராய், 1889 முதல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்தார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் பாதரசத்தின் மீது வினைபுரியவிட்டபோது, மஞ்சள் நிறப் படிகங்கள் படிவதை அவர் கண்டார். ஆராய்ந்தபோது அது மெர்க்குரஸ் நைட்ரைட்டு எனத் தெரிந்தது. 1896இல் வங்காள ஆசியவியல் கழகத்தின் இதழில் அவர் அதனை அறிவித்தார். இரண்டு சொற்களிலும் 'தாழ்ந்த நிலை' விகுதி அமைந்த பெயர் இது. மெர்க்குரஸ் உப்புகளும் எளிதில் சிதைபவை. நைட்ரைட்டுகளும் எளிதில் சிதைபவை. நிலையற்ற இரு பகுதிகள் கூடித் தனித்தெடுக்கத்தக்க படிகமாக நின்றதே அக்கண்டுபிடிப்பின் வியப்பு.

உறுப்புகளின் விகிதத்தை மட்டும் நோக்கினால், இச்சேர்மத்தில் ஒரு பாதரசத்துக்கு ஒரு நைட்ரைட்டு என்று அமையும். ஆகவே ஒற்றை மின்னேற்றம் கொண்ட தனித்த பாதரச அயனி இதில் உள்ளது என எண்ணுவது இயல்பு. பெயரும் அப்படியே எண்ணத் தூண்டுகிறது. ஆனால் கரைசல் ஆய்வுகள் வேறு கதையைச் சொல்லின. மெர்க்குரிக் உப்பின் கரைசலைப் பாதரசத்தோடு சேர்த்து வைத்தால் ஒரு பகுதி மெர்க்குரஸாக மாறிச் சமநிலை அடையும். அச்சமநிலையின் கணக்கு, மெர்க்குரஸ் அயனி ஒற்றையாக இருந்தால் ஒருவகையாகவும், இணையாக இருந்தால் வேறுவகையாகவும் வரவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தகைய அளவீடுகள் இணையின் பக்கம் நின்றன. பாதரச அணுக்கள் இரண்டிரண்டாகவே திரிகின்றன என்று அவை காட்டின. காந்தப் பண்பும் அதற்கு ஒத்திருந்தது. தனித்த அயனியாயின் அதில் இணையற்ற எலக்ட்ரான் ஒன்று எஞ்சி, காந்தப்புலத்தால் ஈர்க்கப்படவேண்டும். மெர்க்குரஸ் உப்புகள் அவ்வாறு ஈர்க்கப்படுவதில்லை.

மின்னேற்றம் ஒரே குறியுடைய இரு அணுக்கள் ஒன்றையொன்று விலக்கவேண்டியிருக்க, ஏன் கைகோத்து நிற்கின்றன? இதற்கு விடை கூறும் கருத்து 1916இல் வந்தது. அவ்வாண்டில் செருமனியில் கோசெல், எலக்ட்ரானை ஓர் அணு கொடுக்க மற்றோர் அணு ஏற்பதால் அயனிகள் உருவாவதை விளக்கினார். அமெரிக்காவில் கில்பர்ட் லூயிசு, ஓர் எலக்ட்ரான் இணையை இரு அணுக்கள் பங்கிட்டுக்கொள்வதே பிணைப்பு என்றார். 1919இல் லாங்மியூர் அதற்குத் தனிப்பெயர் சூட்டினார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனைச் சகப்பிணைப்பு என்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் பங்கீட்டு வலுப் பிணைப்பு என்கின்றன. முன்னது உடனிருப்பதைச் சுட்டுகிறது. பின்னது பங்கிடுதல் என்ற செயலையே பெயராக்குகிறது. மெர்க்குரஸ் அயனியில் நிகழ்வது இப்பங்கீடுதான். இரு பாதரச அணுக்களும் தலைக்கு ஓர் எலக்ட்ரானை இழந்தபின், வெளிக்கூட்டில் எஞ்சிய ஒவ்வோர் எலக்ட்ரானையும் தமக்குள் பொதுவாக்கிக்கொள்கின்றன. அயனிச் சேர்மம் என்று பெயரிடப்பட்டதன் உள்ளே சகப்பிணைப்பு ஒன்று குடியிருக்கிறது.

அப்பிணைப்பின் அதிர்வை நேரே பதிவுசெய்த கருவிமுறையும் கல்கத்தாவிலிருந்து வந்ததே. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வெங்கட ராமன், 1928 பிப்ரவரி 28 அன்று பௌபசார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில், பின்னர் தம் பெயரால் வழங்கப்பெற்ற ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்தார். ராயும் ராமனும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர்களாக, ஒருவர் வேதியியலிலும் மற்றவர் இயற்பியலிலும் பணியாற்றியவர்கள். 1934இல் வுட்வர்டு என்ற ஆங்கில வேதியியலார் மெர்க்குரஸ் நைட்ரேட்டுக் கரைசலின் ராமன் நிறமாலையை எடுத்தார். பிற நைட்ரேட்டுகளில் காணாத வலிய கோடு ஒன்று, சென்டிமீட்டருக்கு 169 என்ற அலையெண் அருகே தோன்றியது. இரு பாதரச அணுக்களும் நெருங்கியும் விலகியும் அதிரும் அதிர்வின் தடம் அது.

வீரத்தின் கதை இதற்கு எதிர்முகமானது. மெர்க்குரிக் குளோரைடு என்ற பெயரைக் கேட்பவர், சோடியம் குளோரைடு போல் அதுவும் அயனிகளின் அடுக்கு என்று கருதுவர். ஆனால் கறியுப்பு உருக ஏறத்தாழ 800 பாகை செல்சியசு வேண்டும். வீரமோ 280 பாகைக்குள் உருகிவிடும். எளிதில் ஆவியாகிப் பதங்கமும் ஆகும். அதன் நீர்க்கரைசல் மின்சாரத்தைச் சரிவரக் கடத்துவதில்லை. காரணம், பாதரசத்தின் இருபுறமும் இரு குளோரின் அணுக்கள் நேர்கோட்டில் சகப்பிணைப்பால் கட்டுண்ட மூலக்கூறாகவே அது பெரும்பாலும் இருக்கிறது. உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனிப் பிணைப்பு என்று தொடக்க வகுப்பில் சொல்லப்படும் விதி இங்கே பொருந்தவில்லை.

பெயரிடுமுறை, யார் எத்தனை பேர் கூடினர் என்பதைக் கணக்கெடுக்கும் ஏடு. அவர்கள் எவ்வாறு கூடினர் என்பது அதன் பொறுப்பன்று. 1787இன் நால்வர் பெயர் வகுத்தபோது எலக்ட்ரான் என்ற கருத்தே தோன்றியிருக்கவில்லை. ஆகவே அவர்கள்மேல் குறை சொல்லவும் இயலாது. மாணவர் பெயரைக் கட்டமைப்பாக எடுத்துக்கொள்ளும்போதுதான் இடர் நேர்கிறது. இன்றைய அனைத்துலக விதிகள் பூரத்தை 'இருமெர்க்குரி இருகுளோரைடு' என்று அழைக்க இடம்தருகின்றன. இணையாக நிற்கும் இரு பாதரச அணுக்களை விகுதி மறைத்தது. ஸ்டாக்கின் எண்ணும் வெளிக்காட்டவில்லை. 'இரு' என்ற முன்னொட்டு அவற்றைப் பெயருக்குள் கொண்டுவந்து சேர்த்தது.