வடதுருவப் பனி உருகினால் சென்னைத் துறைமுகத்துக்கு என்ன?

ஒரகடம் பக்கம் இருந்து கன்டெய்னர் லாரிகள் வரிசையாகத் தாம்பரம் பைபாஸில் போவதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்தச் சரக்கு கப்பல் ஏறியபின் எந்த வழியாகப் போகிறது என்று யோசித்தது உண்டா? கடல் வழி மாறினால் துறைமுகங்களின் தலையெழுத்தே மாறிவிடும். அதற்கு நம் ஊரிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஆப்பிரிக்காவைச் சுற்றாமலே ஐரோப்பியக் கப்பல்கள் இங்கே வர ஆரம்பித்தன. அப்போது இலங்கையில் தபால் கப்பல்கள் நின்றது காலி துறைமுகத்தில். சென்னையிலோ அலையைத் தடுக்கச் சுவரே கிடையாது. கப்பல் கடலில் நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் கரைக்கு வரவேண்டும்.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் கொழும்பு, சென்னை இரண்டு ஊரிலும் துறைமுக வேலைக்குக் கல் நாட்டினார். ஒரே மாதம், ஒரே ஆள்! ஆனால் 1881 நவம்பர் புயல் சென்னைச் சுவர்களை உடைத்துப் போட்டது. திரும்பக் கட்டி முடிக்க 1890-கள் ஆகிவிட்டன. கொழும்பின் முதல் சுவர் 1885-லேயே தயார். கப்பல் கம்பெனிகள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. இன்றும் இந்தியக் கன்டெய்னர்கள் பல கொழும்பில்தான் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன.

இப்போது திறப்பது வடக்கு வாசல். ரஷ்யாவின் வட கரையை ஒட்டிய வழியை முதலில் முழுதாகக் கடந்தது நார்டென்ஷெல்டின் 'வேகா' கப்பல், 1878-79-ல். வழியில் பத்து மாதத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பனியில் சிக்கிக் கிடந்தது. ஊர் திரும்பும்போது காலியிலும் நின்றது! 2018-ல் மெர்ஸ்க் கம்பெனியின் கன்டெய்னர் கப்பல் ஒன்று விளாடிவோஸ்டாக்கில் இருந்து அதே வழியில் சோதனையாகப் போய், சுமார் ஐந்து வாரத்தில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சேர்ந்தது. யோகோஹாமாவில் இருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் வழி சுமார் 11,200 கடல் மைல். வட வழி சுமார் 7,300.

சரி, சென்னைக்கு லாபமா? நேரடியாக இல்லை. இங்கிருந்து ஐரோப்பா போக சூயஸ்தான் பக்கம். ஆனால் நம் சரக்கில் ஒரு பகுதி, சீனா-ஐரோப்பா போகும் பெரிய கப்பல்களில்தான் கொழும்பில் ஏறுகிறது. அந்தக் கப்பல்களில் பாதி வடக்கே திரும்பிவிட்டால்? கப்பல் குறையும், வாடகை கூடும். ஒரகடத்துக் கம்பெனியின் செலவுக் கணக்கில் அது வந்து உட்காரும்.

உடனே நடக்காது. கோடை மாதங்கள் தவிர மற்ற நாளில் பனி உடைக்கும் கப்பல் துணை வேண்டும், இன்சூரன்ஸும் அதிகம். அந்த அவகாசம்தான் நமக்கு முக்கியம். 2019-ல் சென்னை-விளாடிவோஸ்டாக் கடல் வழிக்கு இந்தியாவும் ரஷ்யாவும் ஒப்பந்தம் போட்டன. சுமார் 5,600 கடல் மைல், 24 நாள் பயணம் என்று கணக்கு. வட வழியின் கிழக்கு முனைக்கு நம்மிடம் இருக்கும் கதவு இது.

சூயஸ் எல்லோருக்கும்தான் திறந்தது. சுவரை முதலில் கட்டி முடித்தவன்தான் சம்பாதித்தான். இந்த முறை பெரிய கப்பல் நேராக வந்து நிற்கும் ஆழமும், லாரிகள் கேட்டில் காத்துக் கிடக்காத சாலையும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளியில் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1881-க்கு அப்புறம் நடந்ததுதான் மறுபடியும் நடக்கும்.