ஓமந்தூரார் ஆட்சி: ஒரு மறுநோக்கு

திண்டிவனத்தை அடுத்துள்ள ஓமந்தூரில், வேளாண் குடியொன்றில், 1895இல் பிறந்தவர் இராமசாமி ரெட்டியார். 1947 மார்ச்சு 23 முதல் 1949 ஏப்பிரல் 6 வரை அவர் சென்னை மாகாணப் பிரதமராக விளங்கினார். (முதலமைச்சர் என்னும் பெயர் குடியரசு தோன்றிய பின்னரே நிலைத்தது.) அவர்தம் ஊர் அந்நாளில் தென்னார்க்காட்டைச் சார்ந்தது, 1993இல் விழுப்புரம் மாவட்டத்துள் அடங்கிற்று.

ஈராண்டே நீடித்த அவ்வாட்சியில் கோயில் நுழைவுரிமைச் சட்டமும், பெண்களுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்த சட்டமும் 1947இல் நிறைவேறின. பின்னதன்பொருட்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடியமை யாவரும் அறிந்ததே. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948ஆம் ஆண்டினது.

தமிழ் பயில்வோராகிய நாம் தனித்து எண்ணத்தக்க செயல் ஒன்றுண்டு. பாரதியார் மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் கடந்தும் அவர் பாடல்களின் உரிமை தனியாரிடமே இருந்தது. 1949இல் அரசு அதனை ஏற்றது. ஒலிபரப்பு உரிமை பெற்றிருந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் பொருள் பெறாது அதனை வழங்கினார். கல்வியமைச்சர் அவினாசிலிங்கனாரின் பங்கையும் ஈண்டு மறத்தல் ஆகாது.

இத்தகையார் இடையிலேயே பதவி நீங்கியது ஏன்? அமெரிக்க மாநில ஆளுநர் மக்களால் நேரே தேர்ந்தெடுக்கப் பெறுபவர். கட்சியினர் மனம் மாறினும் பதவியில் நீடிக்கவியலும். சென்னைப் பிரதமர்க்கோ சட்டமன்றக் கட்சியின் ஆதரவே பற்றுக்கோடு. பரிந்துரைகளுக்கு இணங்காத அவர்தம் கண்டிப்பு அக்கட்சியினுள்ளேயே பகையை வளர்த்தது. அவரைப் புகழ்வோர் நேர்மையை விரித்துரைத்து, இப்பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அது முறையன்று என்பதே நம் கருத்து.

பி. எஸ். குமாரசாமி ராஜா அடுத்துப் பொறுப்பேற்றார். வள்ளலார் நெறியில் தோய்ந்த ஓமந்தூரார் பின்னர் வடலூரில் வாழ்ந்து, 1970இல் மறைந்தார்.