யார் வீட்டுத் திண்ணை?

திண்ணைப் பள்ளிக்கூடத்தைத் தமிழ்க் கல்வியின் பொற்காலம்போலப் பேசுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அது யார் வீட்டுத் திண்ணை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். வாத்தியார் சொல்ல, பிள்ளைகள் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த மனப்பாடத்துக்குக்கூட சேரிப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளிகளைத் தொடங்கினார். பார்த்தும் செய்தும் கற்கிற கிண்டர்கார்டன் வழி அந்தப் பள்ளிகள் மூலம் சேரிக்குள் வந்தது. அங்கே பணியாற்றிய திருமதி கோர்ட்ரைட் இதைப் பற்றி 1906இல் புத்தகமே எழுதினார். 'மாணவர் மையக் கல்வி' என்று இன்றைக்குக் கருத்தரங்கு போடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதேயில்லை. அதற்காக ஆல்காட்டைத் தலையில் தூக்கி ஆடவும் வேண்டியதில்லை. எழுத்து, கணக்கு, பிழைக்கக் கொஞ்சம் வழி, அதற்குமேல் வேண்டாம் என்பதே அவர் திட்டம். 1898இல் அவரோடு இலங்கை போன அயோத்திதாசர் அதோடு நிற்கவில்லை. 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழ'னில் வாராவாரம் வரலாற்றையே கேள்வி கேட்டார்.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்தது தொண்ணூறுகளின் கடைசியில். ஊர்ப்பையன் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி. எங்க தெருப் பையன் கேட்டா அதுக்கு வேற பேரு, இங்கே எழுத முடியாது.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்றார், முறை ஆந்திரத்து ரிஷிவேலியிலிருந்து எடுத்தது. 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது. பெஞ்சு போச்சு, பாய் வந்தது. வாத்தியாரும் தரையில் உட்கார்ந்தார். சுவரோரம் பிள்ளைக் கைக்கு எட்டுகிற கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். கற்றல் ஏணியைப் பார்த்து அவரவர் அட்டையை அவரவரே எடுக்க வேண்டும். என் தங்கச்சி அப்படிப் படித்தவள். ஊர்ப்பிள்ளையும் சேரிப்பிள்ளையும் ஒரே வட்டத்தில் தோள் இடிக்க உட்கார்ந்ததைப் பார்த்தேன். பாடத்தைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. சிலருக்கு உறுத்தியதும் அதுதான். 'புள்ள தரையில உக்காந்து வெளையாடுது' என்று சொல்லி, டவுன் மெட்ரிக் பள்ளி வேனில் ஏற்றிவிட்டார்கள். கடைசியில் வட்டத்தில் மிஞ்சியது பெரும்பாலும் எங்கள் பிள்ளைகள்தான்.

அட்டைக்கும் எல்லை உண்டு. வேகம் பிள்ளையுடையது, கேள்வி அட்டை தயாரித்தவருடையது. ஊர்ப்படம் வரையச் சொன்னபோது தங்கச்சி கேட்டாளாம்: "எங்க தெரு மட்டும் ஏன் டீச்சர் ஓடைக்கு அந்தாண்ட இருக்கு?" டீச்சர் கெட்டவரல்ல. "அது இந்த அட்டையில இல்ல பாப்பா, அடுத்தத எடு" என்றிருக்கிறார். இவளும் எடுத்துவிட்டாள். ராத்திரி அதையே அம்மாவிடம் கேட்டாள். அம்மா சோற்றுச் சட்டியை ஓரம் வைத்துவிட்டு, பஞ்சமி நிலம் கைமாறின கதையிலிருந்து ஆரம்பித்தாள்.